குழாய் வழியே வந்த பதில்

சென்ற ஆண்டு பொங்கல் கழிந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை, கல்வராயன் மலையில் ஓர் ஓடையோரக் காட்டுப் பாதையில் நடந்தது இது. நாங்கள் நெய்வேலிக்காரர்கள். எங்களுக்குத் தெரிந்த மலை என்றால் சுரங்கத்திலிருந்து வாரிக் கொட்டி, இப்போது மேலே மரம் வளர்ந்து நிற்கும் மண்மேடுகள்தான். உண்மையான மலை ஒன்றில் இந்த வயதில் ஏறுவோம் என்று நான் நினைத்ததே இல்லை.

நகரியத்துப் பூங்காவில் தினமும் காலையில் நடக்கிற ஓய்வு பெற்றவர்கள் நாங்கள் ஆறு பேர். எதையும் எண்ணிப் பார்ப்பது என் பழக்கம். வியாதி என்பாள் என் மனைவி. மாடிப்படி, மாத்திரை, பந்தியில் போட்ட இலை என்று எதைப் பார்த்தாலும் மனம் தானாக எண்ணத் தொடங்கிவிடும். கூட்டத்தோடு எங்கே போனாலும் தலைகளை எண்ணாமல் என்னால் நிம்மதியாக உட்கார முடியாது. பூங்காவில் எனக்கு வைத்திருக்கிற பெயரே 'கணக்கு'தான்.

மலைக்குப் போகலாம் என்றது என் நண்பர். சுரங்கத்தின் ஓரத்தில் பம்புகளை ஓட்டுவதுதான் எங்கள் இருவருக்கும் வேலையாக இருந்தது. வெளியூர்க்காரர்களுக்காக ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊர்ப் பழுப்பு நிலக்கரிக்கு அடியில் பெரும் அழுத்தத்தோடு தண்ணீர் நிற்கிறது. அதை ராப்பகலாக இறைத்துக்கொண்டே இருந்தால்தான் மேலே கரி வெட்ட முடியும். அதனால் எங்கள் வாழ்க்கை முழுக்கத் தண்ணீரைக் கீழேயிருந்து மேலே தூக்குவதிலேயே போனது. மோட்டார் இரைச்சலில் என் காது தப்பித்தது. அவர் காது தப்பவில்லை. குவார்ட்டர்ஸைக் காலி செய்த பிறகு இருவரும் மந்தாரக்குப்பத்தில் பக்கத்துப் பக்கத்துத் தெருவில் குடியிருக்கிறோம்.

ஒருநாள் எங்கள் குழுவில் இருக்கும் முன்னாள் ஷிஃப்ட் பஸ் டிரைவர், தன் மருமகன் போய்வந்த இடம் என்று கைபேசியில் ஒரு படம் காட்டினார். காட்டுக்கு நடுவில், மலை உச்சிக்குக் கொஞ்சம் கீழே, கண்ணாடி மாதிரி ஓர் ஏரி. என் நண்பர் கைபேசியை வாங்கி, கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"இம்மாம் ஒசரத்துல தண்ணி நிக்குது. பம்பு எத்தினி குதிரை சக்தியா இருக்கும்?"

"பம்பும் இல்ல, குதிரையும் இல்ல. மழைத் தண்ணிய்யா" என்று பஸ் டிரைவர் அவர் காதருகே கத்தினார்.

"பம்பு இல்லாம மேல நிக்கிற தண்ணியா? அத ஒருதரம் பாத்துட்டுத்தான் மறுவேலை."

அவருக்குத் தெரியாத விஷயம் இல்லை. ஆனால் அதன் பிறகு தினமும் அதே பேச்சுதான். வேண்டாம் என்பதற்கு நான் எத்தனையோ காரணங்கள் சொன்னேன். முட்டி, ரத்த அழுத்தம், அட்டை, பாம்பு, கரடி. அவர் காது மெஷினைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு சிரித்தார். கடைசியில் அவர் மனைவி என் வீட்டுக்கே வந்துவிட்டார்.

"அண்ணே, நீங்க கூடப் போனாத்தான் நான் அனுப்புவேன். அது பாட்டுக்கு எங்கனா பூந்துகினு போயிடும். கூப்டா காதும் கேக்காது. எப்டிக் கூப்டுகினு போறீங்களோ அப்டியே கொண்டாந்து வுட்டுடணும்."

சரி என்று சொல்லிவிட்டேன். சொன்ன நிமிடத்திலிருந்து எனக்குத் தூக்கம் போய்விட்டது.

அந்த ஞாயிறு விடிவதற்கு முன் வேனில் கிளம்பினோம். பஸ் டிரைவரின் மருமகன் வனத்துறையிடம் முறைப்படி அனுமதி வாங்கித் தந்திருந்தார். நான் இட்லிப் பொட்டலம், தண்ணீர் பாட்டில், கட்டுத்துணி, விசில், பெரிய பிளாஸ்க் நிறைய டீ எல்லாம் எடுத்துக்கொண்டேன். "மலைக்குப் போறியா, மக கல்யாணத்துக்குச் சீர் தூக்கிட்டுப் போறியாய்யா?" என்று வழி நெடுகக் கேலி.

மலைக் கிராமத்தில் வேனை நிறுத்தி இறங்கினோம். ஊர் நடுவில் ஒரு தண்ணீர்த் தொட்டி. காட்டுக்குள்ளிருந்து ஓர் இரும்புக் குழாய் இறங்கி வந்து அதில் விழுந்துகொண்டிருந்தது. நண்பர் நேராகப் போய்க் குழாயின் மேல் உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். பம்ப்காரனுக்குக் காதைவிடக் கைதான் முக்கியம். குழாயைத் தொட்டால் போதும், உள்ளே தண்ணீர் சீராக ஓடுகிறதா, காற்று புகுந்திருக்கிறதா, மோட்டார் திணறுகிறதா என்று உள்ளங்கை சொல்லிவிடும்.

"அதிர்வே இல்லய்யா. ஓட்டம் மட்டுந்தான்" என்றார், கோயில் பிரசாதம் வாங்கினவர் மாதிரி.

தொட்டியில் குடம் நிறைத்துக்கொண்டிருந்த ஒரு பெண்மணி சிரித்தார். நாற்பது வயதிருக்கும். "கரண்டே பாதி நாளு வராதுங்க. மேல ஏரியிலேருந்து தானா வருது. ஏரி வாயில சருகு அடைக்காமப் பாத்துக்கணும், அவ்ளோதான். இன்னிக்கு எங்க மொறை, நானும் பின்னாலயே வருவேன்" என்றார். பிறகு வழியும் சொன்னார். "ஓடைய ஒட்டியே போங்க, சுத்தினாலும் நல்ல பாதை. பைப்ப ஒட்டிப் போவாதீங்க. அது செங்குத்து, கரடிப் பொதரு வேற."

நாங்கள் ஐந்து பேரும் அதைக் கேட்டோம். நண்பர் இன்னும் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றார். மெஷின் சட்டைப் பையில் இருந்தது. ஓடைச் சத்தமும் இலைச் சத்தமும் மெஷினில் சேர்ந்து பம்ப் ரூம் மாதிரி இரைகிறதாம்.

காடு அழகாகத்தான் இருந்தது. பயந்துகொண்டே பார்த்தாலும் அழகு அழகுதானே. ஓடைத் தண்ணீர் பாறைக்குப் பாறை குதித்து இறங்கியது. மூங்கில் புதர்களுக்கு நடுவே வெயில் சில்லறை சில்லறையாக விழுந்தது. எங்கள் ஊரில் காற்றோடு கலந்தே வரும் ஒரு தூசி உண்டு, அது இல்லாமல் மூச்சு விடுவதே புதிதாக இருந்தது. குழாயும் பாதையோரமாகவே வந்தது. உட்கார்ந்த இடத்திலெல்லாம் நான் தலைகளை எண்ணினேன். ஆறு. மறுபடி ஆறு. நண்பர் எப்போதும் கடைசியில் வந்தார், குழாயைத் தடவிக்கொண்டே. இணைப்பு வரும் இடங்களில் குனிந்து கசிவு பார்த்தார்.

பாதை ஒரு பெரிய பாறையைச் சுற்றித் திரும்பி, ஓடையைக் கல் கல்லாகத் தாண்டி மேலே ஏறியது. அடுத்த நிழலில் உட்கார்ந்தோம். எண்ணினேன். ஐந்து.

என்னையும் சேர்த்துத்தான் எண்ணியிருந்தேன். திரும்பவும் எண்ணினேன். ஐந்துதான்.

"ஒதுங்கப் போயிருப்பாருய்யா, வந்துடுவாரு" என்றார் பஸ் டிரைவர். காத்திருந்தோம். வரவில்லை. வந்த வழியே இறங்கினோம். பஸ் டிரைவருக்கு நல்ல குரல். ஒரு காலத்தில் பஸ் ஸ்டாண்டில் நின்று கூப்பிட்டால் கடைசி வரிசைக் குவார்ட்டர்ஸ்காரனும் டிபன் கேரியரோடு ஓடி வருவான். அந்தக் குரலில் கூப்பிட்டார். மலை அதைத் திருப்பித் தந்தது. நான் விசிலை ஊதினேன், மூச்சு நிற்கும் வரை ஊதினேன். யாருக்காக ஊதுகிறேன் என்று நினைத்தபோது விசில் கையிலிருந்து நழுவியது. செவிடான மனிதரைக் காட்டில் எப்படிக் கூப்பிடுவது? கைபேசியில் சிக்னல் இல்லை. இருந்திருந்தாலும் மணி அடிப்பது அவருக்குக் கேட்காது.

பெரிய பாறை வரை இறங்கி வந்தோம். அங்கேதான் புரிந்தது. பாதை ஓடையோடு இடது பக்கம் திரும்புகிறது. குழாய் திரும்பவில்லை. நேராகப் புதருக்குள் புகுந்து, செங்குத்தான சரிவில் மேலே போகிறது.

அவர் வழி தவறவில்லை. 'லைன் பார்க்க'ப் போயிருக்கிறார்.

பம்ப்காரர்களின் வழக்கம் அது. ஷிஃப்டில் ஏறியதும் முதல் வேலை, குழாய் போகும் வழியிலேயே நடந்து கசிவு இருக்கிறதா என்று பார்ப்பது. நடுவில் பாதை வேறு பக்கம் போனாலும் எங்கள் கால் போகாது. குழாய் எங்கே போகிறதோ அங்கே நாங்கள். வேறு யாராக இருந்தாலும் அந்த இடத்தில் பாதையோடு திரும்பியிருப்பார்கள்.

மேலே பார்த்தேன். பத்தடிக்கு அப்பால் புதரைத் தவிர எதுவும் தெரியவில்லை. ஒருவேளை நல்லபடியாக ஏறிப் போய்விட்டாரோ? விழுந்துவிட்டாரோ? 'கரடிப் பொதரு' என்ற வார்த்தை காதிலேயே நின்றது. நாங்கள் ஐந்து பேரும் அந்தச் சரிவில் ஏறினால் இன்னும் இரண்டு பேர் விழுவோம். 'அப்டியே கொண்டாந்து வுட்டுடணும்' என்ற குரல் வேறு. குழாயைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

உள்ளங்கையில் தண்ணீர் ஓடுவது தெரிந்தது. ஓய்வு பெற்ற பிறகு நான் ஒரு குழாயைத் தொட்டு உட்கார்ந்தது அப்போதுதான்.

அந்தக் காலத்தில் இரண்டு பம்புகளுக்கு நடுவே கூப்பிடு தூரத்துக்கும் மேல் இருக்கும். இரைச்சலில் கூப்பிட்டாலும் கேட்காது. டீ என் பக்கம்தான் முதலில் வரும். நான் ஸ்பானரால் குழாயில் மூன்று தட்டுத் தட்டுவேன். டீ வந்துவிட்டது என்று அர்த்தம். அந்தப் பக்கம் அவர் குழாயில் கை வைத்திருப்பார், கையால் கேட்டுக்கொள்வார். இரண்டு தட்டு திரும்பி வந்தால் 'இதோ வரேன்'. ஒரே தட்டு வந்தால் 'பம்பை விட்டு வர முடியாது, நீ கொண்டு வா'. யாரும் சொல்லிக் கொடுத்தது இல்லை. நாங்களே வைத்துக்கொண்டது.

ஓடையிலிருந்து ஒரு கூழாங்கல்லை எடுத்தேன். குழாயில் மூன்று தட்டுத் தட்டினேன்.

"யோவ் கணக்கு, என்னய்யா பண்றே?" என்றார் பஸ் டிரைவர். கையைக் காட்டி அடக்கினேன். உள்ளங்கையைக் குழாயில் அழுத்தி வைத்துக்கொண்டேன். தண்ணீர் ஓட்டம் மட்டும்தான். மறுபடி மூன்று தட்டினேன், பலமாக. ஓட்டம் மட்டும்தான். மூன்றாம் முறை தட்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டேன். வேண்டுதல் வைக்கக்கூட எனக்குத் தோன்றவில்லை.

டங்.

ஒன்று. ஒன்றே ஒன்று.

"இருக்கான்யா!" என்று கத்தினேன். வேலை பார்த்த காலத்தில் நான் அவரை 'அவன்' என்று சொன்ன நாட்கள் திரும்பி வந்துவிட்டன. "மேலதான் இருக்கான். ஆனா வர முடியல. நம்மளக் கொண்டு வரச் சொல்றான்."

"எதைய்யா கொண்டு வரச் சொல்றான்?"

"டீயை!"

பஸ் டிரைவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "மரங்கொத்தி தட்டியிருக்கும்யா. நீ கொஞ்சம் தண்ணி குடி."

"மரங்கொத்தி இரும்பைத் தட்டுமா? பாரு" என்று மறுபடி மூன்று தட்டினேன். அவர் கையைப் பிடித்துக் குழாயில் வைத்தேன். ஒன்று வந்தது. அவர் கையை எடுக்கவே இல்லை.

அப்போது கீழேயிருந்து ஒரு குரல். "யாருங்க அது பைப்ப ஒடைக்கிறது? ஊரு முச்சூடும் அதுலதான் தண்ணி குடிக்குது!"

தொட்டியடியில் பார்த்த பெண்மணிதான். கையில் அரிவாளோடு மூச்சிரைக்க ஏறி வந்தார். ஏரி வாய்ச் சருகு தள்ள வந்தவருக்கு வழியிலேயே சத்தம் கேட்டிருக்கிறது. எங்களைப் பார்த்ததும் இன்னும் கோபம். "வெள்ளையும் சொள்ளையுமா இருக்கீங்க, பைப்புல கல்லால அடிக்கிறீங்களே பெருசுங்களா!"

நடந்ததைச் சொன்னேன். கையெடுத்துக் கும்பிட்டேன். அவர் முகம் மாறியது. சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டார்.

"ரெண்டு பேரு மட்டும் எம்பின்னால வாங்க. மத்தவங்க ஓடைப் பாதையில சுத்தி ஏரிக்கு வந்துடுங்க. சத்தம் போட்டுக்கிட்டே வரணும். கரடி இருந்தா சத்தத்துக்கு வெலகிடும்."

அவர் முன்னால் புதரை வெட்டி வழி செய்தார். நடுவில் நான். பின்னால் பஸ் டிரைவர், சத்தம் போட வேண்டுமே என்று பஸ் ஸ்டாண்ட் பெயர்களை வரிசையாகக் கூவிக்கொண்டே வந்தார். "வடலூர், குறிஞ்சிப்பாடி, குள்ளஞ்சாவடி, கடலூர்!" முன்னால் போன பெண்மணி அந்தப் பயத்திலும் சிரித்தார். "கரடி டிக்கெட்டு கேக்கப் போவுதுங்க" என்றார். நான் அடிக்கடி நின்று மூன்று தட்டினேன். ஒவ்வொரு முறையும் ஒன்று வந்தது, முன்னைவிடக் கொஞ்சம் பலமாக.

குழாய் ஒரு பாறை இடுக்கில் நுழையும் இடத்தில் நண்பர் உட்கார்ந்திருந்தார். முதுகு குழாயில் சாய்ந்திருந்தது. ஒரு கால் செருப்பில்லாமல் வீங்கிக் கிடந்தது. கையில் எவர்சில்வர் தண்ணீர் பாட்டில். அதைக்கொண்டுதான் பதில் தட்டியிருக்கிறார். நெற்றியில் ஒரு சிராய்ப்பு. எங்களைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு.

"டீ எங்கய்யா?"

நான் திட்டத் தொடங்கினேன். அவர் மனைவிக்குக் கொடுத்த வாக்கிலிருந்து, கரடியிலிருந்து, என் ரத்த அழுத்தம் வரை எல்லாவற்றையும் சொல்லித் திட்டினேன். நான் முடிக்கும் வரை பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து காது மெஷினை எடுத்து மாட்டிக்கொண்டு, "ம், இப்ப திட்டு" என்றார்.

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. பிளாஸ்க்கைத் திறந்து மூடியில் டீயை ஊற்றிக் கொடுத்தேன். அவசரத்தில் ஊற்றியதில் பாதி அவர் வேட்டியில் போனது.

"கல்லு உருண்டு கால் மாட்டிகிச்சு. கத்திப் பாத்தேன், ஓடை சத்தத்துல எங்குரலு எனக்கே தெரியல. சரி, நீ எப்படியும் தலைய எண்ணுவே, கொறையுதுன்னு தெரிஞ்சிக்குவேன்னு பைப்புல சாஞ்சிகினு குந்திட்டேன்" என்றார்.

"ரெண்டு தரம் தட்டினேனே, ஏன் பதில் இல்ல?"

"மொதத் தரம் கனவுன்னு நெனச்சேன். ரெண்டாந்தரம் பாட்டில எடுக்கப் பாத்தேன். கை எட்டல."

கீழே இறங்குவது ஆபத்து என்றார் அந்தப் பெண்மணி. ஏரி இன்னும் கொஞ்சம் மேலேதான், அதற்கு மறுகரையில் ஜீப் வரும் மண்பாதை உண்டு, அங்கே போய்விட்டால் தன் கொழுந்தனாரை வரச் சொல்லலாம் என்றார். தன் தலைத் துண்டைக் கிழித்துக் காலைக் கட்டினார். நான் கொண்டுபோன கட்டுத்துணி என் பையிலேயே இருந்தது, அது நினைவுக்கு வந்ததே வேனில் திரும்பும்போதுதான். பஸ் டிரைவரும் நானும் ஆளுக்கொரு தோள் கொடுத்தோம். நண்பர் ஒற்றைக் காலில் தத்தித் தத்தி வந்தார். மூன்று கிழவர்கள் சேர்ந்து நாலு காலாவது உருப்படியாக இருக்கிறதா என்று எண்ணிப் பார்த்தேன், கணக்கு சரிவரவில்லை.

மரங்கள் விலகின. ஏரி.

அதை எப்படிச் சொல்வது? பெரிய ஏரி ஒன்றும் இல்லை. எங்கள் ஊர்க் கால்வாய்த் தண்ணீரில் பாதி நாளில் நிரம்பிவிடும். ஆனால் சுற்றிலும் காடு குனிந்து பார்த்துக்கொண்டிருக்க, ஒரு சத்தமும் இல்லாமல் அது பாட்டுக்கு நின்றது. மோட்டார் இல்லை, வால்வு இல்லை, ஷிஃப்ட் இல்லை. மற்ற மூவரும் அதற்குள் சுற்றுப் பாதையில் வந்து கரையில் காத்திருந்தார்கள். நான் எண்ணினேன். ஆறு. அப்போதுதான் என் மூச்சு சரியாக வந்தது.

நண்பரைக் கரையில் உட்கார வைத்தோம். வீங்கிய காலைத் தண்ணீரில் விட்டுக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார். "நாம அம்மாம் வருசம் கீழேர்ந்து மேல தூக்கினோம். ஒரு நாளு வுட்டா மறுபடியும் ஊறி நிக்கும். இது பாரு, யாரு தயவும் இல்லாம மேலயே குந்திகினு இருக்குது."

"ஓய்வு பெத்துடுச்சுய்யா நம்மள மாதிரி" என்றார் பஸ் டிரைவர்.

அந்தப் பெண்மணி இதற்குள் ஏரி வாயில் அடைத்திருந்த சருகுகளை வாரிக் கரையில் போட்டுவிட்டு, ஜீப்புக்கு ஆள் சொல்லப் போய்விட்டார். ஜீப் வந்தபோது, "அய்யா, அடுத்த வாட்டி வந்தா பைப்ப அடிக்காதீங்க, என்னயே கூப்புடுங்க" என்று சிரித்துக்கொண்டே வழியனுப்பினார். அவர் பெயரைக் கேட்டு வைத்துக்கொள்ளக்கூட எங்களுக்குத் தோன்றவில்லை.

அன்று மாலை நண்பரின் வீட்டு வாசலில் வேன் நின்றபோது எனக்குத்தான் இறங்கப் பயம். அவர் மனைவி அவர் காலில் இருந்த கட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஏண்ணே, நீங்க கூடப் போயுமா?" என்றார். நண்பர் முந்திக்கொண்டார். "இவன் வந்ததாலதான்டி நான் வந்தேன். இல்லன்னா கரடிகூடக் குடித்தனம்."

கால் எலும்பில் மெல்லிய விரிசல். கொஞ்ச நாள் படுக்கை. நான் தினமும் சாயங்காலம் போவேன். அழைப்பு மணி அவருக்குக் கேட்காது என்பதால், ஜன்னல் கம்பியில் மூன்று தட்டுவேன். அவர் கட்டில் அந்த ஜன்னலை ஒட்டித்தான் போட்டிருந்தது. உள்ளேயிருந்து ஒரே ஒரு தட்டு வரும். 'வர முடியாது, நீ கொண்டு வா.' அவர் மனைவி சமையலறையிலிருந்து, "நீங்க ஒண்ணும் கொண்டாற வேணாம்ணே, டீ போட்டுட்டேன், உள்ள வாங்க" என்பார். தட்டுக்கு என்ன அர்த்தம் என்று அதற்குள் அவருக்கும் தெரிந்துவிட்டது.

ஒரு சாயங்காலம் வழக்கம் போல மூன்று தட்டினேன். ஒன்று வந்தது. திரும்பிக் கதவுப் பக்கம் நடந்தேன். சற்றுப் பொறுத்து இன்னொன்று வந்தது. இரண்டு. நான் தெருவிலேயே நின்றுவிட்டேன். உள்ளே கைத்தடி தரையில் ஊன்றும் சத்தம். கதவு திறந்தது. செருப்பை மாட்டிக்கொண்டு, "வாய்யா, கடைக்குப் போயி டீ குடிக்கலாம்" என்று வாசல்படி இறங்கினார்.

வாழ்நாளெல்லாம் எதையெதையோ எண்ணிக்கொண்டிருந்தவன் நான். இப்போது ராத்திரி தூக்கம் வராமல் கவலைகளை எண்ணத் தொடங்கும்போதெல்லாம், அந்த மலைக்குழாயில் என் உள்ளங்கைக்கு வந்து சேர்ந்த ஒன்று நினைவுக்கு வருகிறது, அதற்கு மேல் எண்ணத் தோன்றாமல் தூங்கிவிடுகிறேன்.